நிலம் திருத்தும் எந்திரம்: யாருடைய வாடகை, எதற்கு வாடகை?

ஒரு விவசாயக் குடும்பத்துக்குத் தலைமுறைக்கு இரண்டு மூன்று முறைதான் புல்டோசர் தேவைப்படும். தரிசைத் திருத்தும்போது தேவைப்படும். பாகப்பிரிவினைக்குப் பின் வரப்பு மாறும்போதும், பழைய தோப்பைத் தூரோடு எடுத்துவிட்டுப் புதிதாக நடும்போதும் தேவைப்படும். அதற்காகச் சொந்தமாக வாங்கி வைப்பது எவருக்கும் கட்டுப்படியாகாது. எந்திரம் வேண்டுமென்றால் வாடகைக்கு எடுத்தே ஆக வேண்டும் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. யாரிடமிருந்து எடுப்பது என்பதில்தான் முக்கால் நூற்றாண்டாக வெவ்வேறு விடைகள் சொல்லப்படுகின்றன. அரசு தரட்டும் என்றார்கள். சந்தை தரும் என்றார்கள். உழவர்கள் கூட்டாக வைத்துக்கொள்ளட்டும் என்றார்கள். எந்திரமே வேண்டாம் என்றவர்களும், நிலத்தைத் திருத்தவே வேண்டாம் என்றவர்களும் உண்டு. இந்த விடைகளை இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தின் மண்ணில் வைத்துப் பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கம்.

மலையடியும் கரிசலும்

இந்த வட்டாரத்தில் மேற்கே மேற்குத் தொடர்ச்சி மலை. அதன் அடிவாரத்தில் தேவதானம், சேத்தூர் முதல் வத்திராயிருப்பு வரை மாவும் தென்னையும் நிற்கும் செம்மண், சரளை நிலம். அதற்குக் கீழே அய்யனார் ஆறு போன்ற மலையோடைகள் நிரப்பும் கண்மாய்களும் அவற்றின் நஞ்சையும். இன்னும் கிழக்கே போனால் சாத்தூர், வெம்பக்கோட்டைப் பக்கம் பருத்தியும் மக்காச்சோளமும் விளையும் கரிசல். வாடகை பற்றிய பொது வாதங்கள் பலவும் நிலம் எங்கும் ஒரே மாதிரி இருப்பதாக எண்ணிக்கொள்வதால்தான் தடுமாறுகின்றன.

மலையடிச் சரிவில் முதன்மையான வேலை மேடு தட்டிப் பள்ளம் நிரப்புவது, பாறை புரட்டுவது, சம உயர வரப்பு எடுப்பது. அதற்கு முன்பக்கத் தகடும் சங்கிலிச் சக்கரமும் கொண்ட புல்டோசர் பொருந்தும். கரிசல் தரிசில் வேலை வேறு. அங்கே சீமைக் கருவேலத்தைத் தூரோடு பிடுங்க வேண்டும். புல்டோசர் தகடு மரத்தைத் தள்ளும்போது பெரும்பாலும் தரைமட்டத்தில் ஒடித்துவிடும். நிலத்துக்குள் நிற்கும் தூர் அடுத்த மழையில் பல கிளைகளாகத் துளிர்க்கும். பக்கெட்டால் தோண்டி எடுக்கும் ஜேசிபியோ பொக்லைனோதான் அதற்கு ஏற்றது. கண்மாய்க்குள் படிந்த வண்டலான கரம்பையை எடுப்பதற்கு அள்ளும் எந்திரத்தோடு ஏற்றிச் செல்ல டிராக்டர்களும் வரிசையில் நிற்க வேண்டும். ஆகவே ‘புல்டோசர் வாடகை’ என்று பொதுவாகச் சொன்னாலும், இன்று உழவர் கூப்பிடுவது பெரும்பாலும் புல்டோசரை அல்ல. தகடு தேவைப்படும் இடத்திலும் கிடைக்கிற ஜேசிபியை வைத்தே வேலையை ஒப்பேற்றுகிறார்கள்.

காலமும் ஒரு கட்டுப்பாடு. வடகிழக்குப் பருவமழையை நம்பிய பூமி இது. புரட்டாசி, ஐப்பசியில் விதைப்பு. எந்திரம் வர வேண்டிய காலம் அறுவடை முடிந்து கண்மாய் வற்றிய பங்குனியிலிருந்து ஆடி வரை. மழை பெய்த கரிசலில் எந்திரத்தை இறக்கினால் எந்திரமும் புதையும், மண்ணும் இறுகும். ஆகவே வட்டாரம் முழுவதற்கும் ஒரே நான்கைந்து மாதத்தில்தான் எந்திரம் வேண்டியிருக்கிறது.

அரசே தரட்டும்

பழைய விடையும் வலுவான விடையும் இதுதான். இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது உலகெங்கும் படைகளிடம் கனரக எந்திரங்கள் மிஞ்சின, உணவோ பற்றாக்குறை. இரண்டையும் இணைத்து அரசே காடு திருத்தும் என்ற நம்பிக்கை அப்போது பல நாடுகளில் பிறந்தது. இந்தியாவில் அமெரிக்கப் படை விட்டுச்சென்ற டிராக்டர்களைக் கொண்டு மத்திய டிராக்டர் அமைப்பு உருவானது. காஸ் எனும் ஆழவேர்ப் புல் மண்டிய வட, மத்திய இந்திய நிலங்களை மீட்பது அதன் பணி. 1949இல் உலக வங்கி இந்தியாவுக்குத் தந்த தொடக்கக் கடன்களில் ஒன்று, ஒரு கோடி டாலர், இதே வேளாண் எந்திரங்களுக்காகத்தான். இலங்கையில் அதே ஆண்டு தொடங்கிய கல் ஓயாத் திட்டத்தில் மோரிசன் நூட்சன் என்ற அமெரிக்க நிறுவனம் கனரக எந்திரங்களோடு இறங்கியது.

அந்த நம்பிக்கைக்கு விழுந்த பெரிய அடி கிழக்கு ஆப்பிரிக்காவில். 1947இல் டாங்கனிக்காவில் முப்பது லட்சம் ஏக்கருக்கு மேல் நிலக்கடலை பயிரிடப் பிரிட்டிஷ் அரசு புறப்பட்டது. பழைய பீரங்கி வண்டிகளைக்கூட டிராக்டராக மாற்றிக் கொண்டுபோனார்கள். முட்புதர் எந்திரங்களை உடைத்தது; உதிரி பாகம் வரவில்லை; திருத்திய மண் வெயிலில் கல்லாக இறுகியது. 1951இல் திட்டம் கைவிடப்பட்டபோது ஏறத்தாழ 3.6 கோடி பவுண்டு மண்ணோடு போயிருந்தது. எந்திரத்தின் வலிமை மண்ணைப் பற்றிய அறியாமையை ஈடுகட்டாது என்பதற்கு இன்றுவரை எடுத்துக்காட்டாகச் சொல்லப்படுவது இதுதான்.

தமிழ்நாட்டின் வழி இவ்வளவு ஆடம்பரமானதல்ல. அதனால்தான் நிலைத்தது எனலாம். இங்கே அரசு தானே பண்ணை நடத்தாமல், வேளாண் துறைக்குள் இருந்த பொறியியல் பிரிவின் மூலம் எந்திரத்தை உழவருக்கு மணிக்கணக்கில் வாடகைக்கு விட்டது. 1981இல் அப்பிரிவு வேளாண்மைப் பொறியியல் துறை என்ற தனித் துறையானது. எரிபொருளும் ஓட்டுநரும் வாடகைக்குள் அடக்கம். பணத்தை முன்கூட்டிக் கட்டிப் பதிவு செய்தால் வரிசைப்படி வண்டி வரும். அண்மை ஆண்டுகளில் துறை அறிவித்த கட்டணம் புல்டோசருக்கு மணிக்கு ரூ.1,230, ஜேசிபி வகைக்கு ரூ.890, சங்கிலிச் சக்கரப் பொக்லைன் வகைக்கு ரூ.1,910, டிராக்டருக்கு ரூ.500. 2018இல் வந்த உழவன் செயலி வழியாக வீட்டிலிருந்தே பதிவு செய்யும் இ-வாடகை வசதியும் பின்னர் சேர்ந்தது.

அரசு எந்திரம் தனி உழவருக்கு மட்டும் உழைக்கவில்லை. 2006 செப்டம்பரில் தொடங்கிய, நிலமற்ற குடும்பங்களுக்கு இரண்டு ஏக்கர் வரை வழங்கும் திட்டத்தில், தரிசைத் திருத்திக் கொடுக்கும் பொறுப்பையும் அரசே ஏற்றது. 2021–22இல் தொடங்கிய கலைஞரின் அனைத்துக் கிராம ஒருங்கிணைந்த வேளாண் வளர்ச்சித் திட்டம் 10 முதல் 15 ஏக்கர் வரையிலான தரிசுத் தொகுப்புகளைத் தேர்ந்தெடுத்து முட்புதர் நீக்கி ஆழ்துளைக் கிணறு போடுகிறது. துண்டு நிலத்துக்கு எந்திரம் கொண்டுவருவது யாருக்கும் கட்டாது என்ற சிக்கலுக்குத் தொகுப்பு என்பது நல்ல விடை.

இந்த நிலைப்பாட்டின் பலவீனமும் பழையதே. பிங்காலி, பிகோ, பின்ஸ்வாங்கர் ஆகிய ஆய்வாளர்கள் 1987இல் எழுதிய ஆப்பிரிக்க ஆய்வு, அரசு டிராக்டர் வாடகை நிலையங்கள் ஏன் பரவலாகத் தோற்றன என்று விளக்கியது. பழுது பார்க்கும் வேகம், சிதறிய நிலங்களுக்கிடையே பயணம், ஓட்டுநருக்கு ஊக்கமின்மை என்பவை அதன் சாரம். தமிழ்நாட்டுத் துறையை அந்தத் தோல்விகளோடு ஒப்பிடுவது நியாயமல்ல. பழைய பொறியியல் பிரிவின் காலத்தையும் சேர்த்தால் அது எழுபது ஆண்டுகளைக் கடந்து இயங்குகிறது. ஆனாலும் எல்லோருக்கும் ஒரே பருவத்தில் எந்திரம் வேண்டும் என்ற இடத்தில் அரசு வாடகையின் மலிவு ஒரு வரிசையாக மாறிவிடுகிறது. புரட்டாசியில் வந்து சேரும் ரூ.890, வைகாசியில் வந்த தனியாரின் கூடுதல் வாடகையைவிட உழவருக்கு அதிகச் செலவு. அரசுக் கட்டணத்தைச் சந்தைக் கட்டணத்தோடு ஒப்பிடும் வாதங்கள் இந்தக் காத்திருப்பின் விலையைப் பெரும்பாலும் சேர்ப்பதில்லை.

சந்தை பார்த்துக்கொள்ளும்

தனியார் வாடகைச் சந்தை இந்தியாவில் வளர்ந்ததற்கு ஒரு கொள்கையைவிட ஒரு வண்டிதான் காரணம். 1964இல் தொடங்கிய பொதுத்துறை நிறுவனமான பெமல் புல்டோசர்களைத் தயாரித்தது; அவை அணைக்கும் சுரங்கத்துக்கும் படைக்கும் போயின. 1979இல் எஸ்கார்ட்ஸுடன் கூட்டாக இந்தியாவுக்கு வந்த ஜேசிபியின் முன்னே வாரி, பின்னே தோண்டும் டயர் வண்டிதான் சிற்றூருக்கு வந்தது. காரணம் எளிது. புல்டோசரை லோபெட் லாரியில் ஏற்றிவர வேண்டும். ஜேசிபி சாலையில் தானே ஓடி வரும். இரண்டு மணி நேர வேலைக்கு லோபெட் வாடகை கொடுப்பவர் யார்? கடன் கிடைக்கவே, ஒன்றோ இரண்டோ வண்டி வைத்திருக்கும் சிறு முதலாளிகள் பெருகினர். இன்று பேருந்து நிலையப் பக்கம் விசாரித்தாலே வண்டி கிடைக்கும்.

பொருளியலில் இந்த நிலைப்பாட்டுக்கு ஆதாரம் உண்டு. தெற்காசிய டிராக்டர்கள் பற்றி 1978இல் பின்ஸ்வாங்கர் தொகுத்த ஆய்வு, டிராக்டர் விளைச்சலைப் பெருக்குகிறது என்பதைவிட மாட்டையும் ஆளையும் பதிலீடு செய்கிறது என்ற முடிவுக்கு வந்தது. எந்திரத்துக்கு அரசு மானியம் தர வலுவான காரணம் இல்லை, வாடகைச் சந்தை தானாக வளரும் என்பது அதிலிருந்து பலர் எடுத்துக்கொண்ட பாடம். ஜேசிபியின் பரவல் அதை மெய்ப்பிப்பதுபோலத் தோன்றுகிறது.

ஆனால் அந்தச் சந்தை உழவரை வைத்து வளரவில்லை. மனைப்பிரிவு, கட்டட வானம், சாலை, குழாய்ப் பள்ளம் ஆகியவைதான் ஆண்டு முழுவதும் வண்டிக்கு வேலை தருபவை. திருமங்கலம்–இராஜபாளையம் நான்குவழிச் சாலை போன்ற பணி நடக்கும் காலத்தில் ஒப்பந்தக்காரர் மாதக்கணக்கில் வண்டியை எடுத்துக்கொண்டால், இரண்டு ஏக்கர்க்காரருக்கு எந்த முதலாளி வண்டி ஒதுக்குவார்? டீசல் விலை ஏறும்போது வாடகையும் ஏறும். வாடகை உயர்வு கேட்டு எந்திர உரிமையாளர் சங்கங்கள் பல மாவட்டங்களில் வண்டிகளை நிறுத்தியதும் உண்டு.

இன்னொரு குறை பேசப்படுவதே இல்லை. வானம் தோண்டிப் பழகிய ஆப்பரேட்டருக்கு மண் என்பது அகற்ற வேண்டிய பொருள். மேல்மண் எது, அடிமண் எது என்று அவர் பார்க்க வேண்டிய தேவை கட்டடத் தளத்தில் வருவதில்லை. அதே கையால் அவர் வயலையும் சமன்செய்கிறார்.

கூட்டாக வைத்துக்கொள்வது

அரசுக்கும் சந்தைக்கும் நடுவே மூன்றாவது வழியாகக் கூட்டுடைமை நெடுநாளாக முன்வைக்கப்படுகிறது. தொடக்க வேளாண் கூட்டுறவுக் கடன் சங்கங்களின் வாடகை மையங்கள், 2014–15 முதல் மத்திய அரசின் எந்திரமயமாக்கல் துணை இயக்கம் மானியம் தரும் வாடகை மையங்கள், 2017–18இல் தமிழக அரசின் கூட்டுப் பண்ணையத் திட்டம் எனப் பல வடிவங்கள். கூட்டுப் பண்ணையத்தில் நூறு உழவர் கொண்ட குழு ஒன்றுக்கு ரூ.5 லட்சம் தொகுப்பு நிதி. அந்தத் தொகையில் பவர் டில்லர், களையெடுக்கும் கருவி, ரோட்டவேட்டர் வாங்கலாம். மண் தள்ளும் எந்திரத்தின் விலைக்கு அது கிட்டவும் வராது. கூட்டுடைமை ஆண்டுதோறும் பயன்படும் கருவிக்குப் பொருந்துகிறது. தலைமுறைக்கு இரண்டு முறை தேவைப்படும் கருவிக்கு அது பொருந்தும் என்பதற்கு இதுவரை சான்று மெலிது.

எந்திரம் இல்லாமலே

புல்டோசருக்கு முன்பும் நிலம் திருத்தப்பட்டது. மண் வேலையில் தேர்ந்த ஒட்டர் குழுக்கள் கிணறும் குளமும் வெட்டின. மாடு பூட்டிய பரம்பு வயலைச் சமன்செய்தது. இதை வெறும் பழம்பெருமையாக ஒதுக்க முடியாது. 2005ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டம் ஒப்பந்தக்காரரையும், இயன்றவரை ஆளின் வேலையைப் பறிக்கும் எந்திரத்தையும் விலக்கியது. பொதுப்பணத்தில் மண் வெட்டினால் அது கூலியாகப் போய்ச்சேர வேண்டும் என்பது அதன் வாதம். வரப்பு, பண்ணைக்குட்டை, வரத்துக்கால் போன்ற வேலைகளில் இது செல்லுபடியாகும். பல ஆண்டு வளர்ந்த கருவேலத் தூரைக் கடப்பாரையால் எடுப்பதில் அவ்வளவாகச் செல்லாது.

கருவேலத்துக்கு வேறொரு உள்ளூர் வழி உண்டு. ஆய்வுகளில் அதற்கு உரிய இடம் கிடைக்கவில்லை என்றே தோன்றுகிறது. இராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர் மாவட்டங்களில் மரத்தை மூட்டமிட்டு எரித்துக் கரியாக்கும் கரிமூட்டம் ஒரு தொழில். காட்டை வெட்டிக்கொள்ளும் உரிமைக்கு மூட்டக்காரர் நில உடைமையாளருக்குப் பணம் தருவார். செலவாக இருந்த வேலை வரவாகிறது. ஆனால் அவர் எடுப்பது விறகாகும் மரத்தை மட்டும். தூர் நிலத்திலேயே நிற்கும், மீண்டும் தழைக்கும், சில ஆண்டுகளில் மறுபடி வெட்டுக்கு வரும். மூட்டக்காரருக்கு அது குறையே அல்ல. நிலத்தைப் பயிருக்குக் கொண்டுவர நினைப்பவர் வெட்டு முடிந்தவுடன் எந்திரம் அழைத்துத் தூரை எடுக்க வேண்டும். வெட்டு வருமானம் அந்த வாடகையில் எவ்வளவைச் சுமக்கும் என்பது மரத்தின் பருமனைப் பொறுத்தது.

திருத்தாமல் விடுவது

சீமைக் கருவேலத்தை வேரறுப்பதே நல்லது என்ற கருத்து 2017இல் உச்சம் தொட்டது. சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அகற்றத்துக்குக் காலக்கெடு விதித்தது. மாவட்டங்களில் எந்திரங்கள் இறங்கின. சுற்றுச்சூழல் பாதிப்பு ஆராயப்படவில்லை என்ற எதிர்ப்பில் அதே ஆண்டு இடைக்காலத் தடையும் வந்தது. 2022இல் தமிழக அரசு அயல் ஊடுருவல் தாவரங்களுக்கென ஒரு கொள்கையை வெளியிட்டது. பிடுங்கிய இடத்தில் என்ன வளர்ப்பது என்ற கேள்வியும் அதற்குள் சேர்ந்ததுதான் முக்கியமான மாற்றம். ஆடுமாடு தின்ற நெற்று சாணத்தோடு விழுந்து முளைக்கும் ஒரு செடியை அகற்றிவிட்டு நிலத்தைச் சும்மா விட்டால் அது திரும்பி வரும். பயிர் வைக்கும் திட்டமும் தண்ணீரும் இல்லாமல் எந்திரத்தை அழைப்பது மீண்டும் அழைப்பதற்கான முன்பணம்.

மலையடிவாரத்தில் இந்த வாதம் இன்னும் கனமானது. 1988இல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர் சாம்பல் நிற அணில் சரணாலயம், 2021 பிப்ரவரியில் மேகமலையோடு சேர்ந்து புலிகள் காப்பகமானது. இப்போது அதன் பரப்பு ஆயிரம் சதுர கிலோமீட்டருக்கு மேல். இராஜபாளையம், சேத்தூர்ப் பக்கத் தோப்புகளில் யானை இறங்குவது வழக்கமான செய்தி. தோப்பு மேலேறினால் யானை கீழிறங்கும் என்பது சூழலியலாளர் வாதம். தலைமுறைகளாகப் பட்டா உள்ள நிலத்தில் ஏன் கட்டுப்பாடு என்பது தோப்புக்காரர் வாதம். நீலகிரியில் ஜேசிபி, பொக்லைன் இறக்க மாவட்ட நிர்வாகத்தின் முன் அனுமதி வேண்டும். அதுபோன்ற ஏற்பாடு இந்த அடிவாரத்துக்கும் பொருந்துமா என்று கேட்பவர்கள் உண்டு. நிலச்சரிவு அபாயம் நீலகிரியின் முதன்மைக் காரணம். இங்கே காரணம் வேறு. ஆகையால் விதியை அப்படியே பெயர்த்து நடுவது சரியாக இருக்குமா என்பது ஐயம்.

மணியா, கன மீட்டரா?

மேலே கண்ட எல்லாத் தரப்பும் எந்திரம் வேண்டுமா, வேண்டுமென்றால் யாருடையது என்றே வாதிடுகின்றன. வாடகை எதன் பெயரால் கணக்கிடப்படுகிறது என்பதை யாரும் கேட்பதில்லை. இக்கட்டுரையின் பார்வையில் அதுவே பெரிய விடுபடல்.

அரசானாலும் தனியாரானாலும் கணக்கு மணிதான். வண்டியின் மீட்டர் எஞ்சின் ஓடும் நேரத்தை எண்ணும். மண் நகர்ந்ததா என்று எண்ணாது. மெதுவாக ஓட்டினால் இழப்பு உழவருக்கு. அவசரமாக ஓட்டி மேல்மண்ணைப் புதைத்தாலும் இழப்பு அவருக்கே. பொருந்தாத எந்திரத்தை அழைத்தாலும் அப்படியே. அரசுக் கட்டணத்தையே எடுத்துக்கொண்டால், சங்கிலிப் பொக்லைனின் மணி ஜேசிபியைப்போல இரு மடங்குக்குச் சற்று மேல். அடர்ந்த கருவேலக் காட்டில் ஜேசிபி ஐந்து மணி நேரம் எடுக்கும் வேலையைப் பொக்லைன் இரண்டு மணியில் முடிக்குமானால், விலை கூடிய வண்டியே மலிவு. மணி வாடகையை மட்டும் பார்ப்பவருக்கு இது தெரிய வழியில்லை.

மண்ணின் அளவு இன்னும் கூர்மையான பாடம் சொல்லும். ஓர் ஏக்கர் என்பது ஏறத்தாழ 4,047 சதுர மீட்டர். அதில் பாதியில் சராசரியாகப் பத்து சென்டிமீட்டர் சீவி மறுபாதியில் போட்டுச் சமன்செய்தால் நகரும் மண் 200 கன மீட்டருக்கு மேல். சீவப்பட்ட பாதி தன் வளமான மேல்மண்ணை இழக்கும். கண்மாய்க் கரம்பை அடித்துச் சரிசெய்துவிடலாம் என்பது பொதுவான ஆறுதல். 1959ஆம் ஆண்டின் தமிழ்நாடு சிறுகனிமச் சலுகை விதிகளின்கீழ் வேளாண் பயனுக்கு இலவசமாக எடுக்க அனுமதிக்கப்பட்ட வண்டல், புஞ்சை ஏக்கருக்கு 90 கன மீட்டர், நஞ்சைக்கு 75. அந்த 90 கன மீட்டரை ஏக்கர் முழுதும் பரப்பினால் கனம் இரண்டேகால் சென்டிமீட்டருக்கும் குறைவு. சீவிய பாதியில் மட்டும் போட்டாலும் நாலரையைத் தாண்டாது. சீவியது பத்து. ஆக, எந்திரம் ஒரு நாளில் செய்யும் பிழையை அனுமதிக்கப்பட்ட கரம்பை முழுவதையும் கொட்டினாலும் ஈடுசெய்ய முடியாது. மேல்மண்ணை முதலில் ஒதுக்கிக் குவித்து, அடிமண்ணைச் சமன்செய்து, பிறகு மேல்மண்ணைத் திரும்பப் பரப்பும் முறை இதைத் தடுக்கும். அதற்குக் கூடுதல் மணி ஆகும். மணி வாடகையில் அந்தக் கூடுதல் மணி வெறும் செலவாகத் தெரிகிறது.

இங்கேதான் அரசுத் துறையின் உண்மையான பலம் எதுவென்று மறுபடி யோசிக்க வேண்டியிருக்கிறது. மலிவான மணியை இன்று சந்தையும் ஓரளவு தந்துவிடும். மட்டம் பார்க்கும் பொறியாளரைச் சந்தை தராது. எங்கே எவ்வளவு வெட்டுவது, எங்கே வரப்பு, தண்ணீர் எந்தப் பக்கம் வடியும் என்று வேலைக்கு முன்பே சொல்லும் ஆளும் கருவியும் துறையிடம் இருக்கின்றன. 2000களின் தொடக்கத்தில் மேற்கு உத்தரப் பிரதேசத்தில் பரவத் தொடங்கிய லேசர் சமன்முறை, நெல்–கோதுமை வயல்களில் பாசன நீரைக் கணிசமாக மிச்சப்படுத்தியதாக ஆய்வுகள் காட்டின. அந்த மிச்சம் எந்திரத்தின் வலிமையால் வந்ததல்ல, துல்லியத்தால் வந்தது. கண்மாய்ப் பாசன நஞ்சைக்கு அது நேராகப் பொருந்தக்கூடும். மானாவாரிக் கரிசலுக்கு அதே பலன் இருக்கும் என்று சொல்வது அவசரம்.

அளவையே வாடகைக்கு அடிப்படையாக்கலாம் என்ற யோசனைக்கும் எதிர்வாதம் உண்டு. கன மீட்டர் கணக்குக்கு வேலைக்கு முன்னும் பின்னும் மட்டம் எடுக்க வேண்டும். இரண்டு ஏக்கருக்கு அந்தச் செலவு தாங்காது. ஏக்கருக்கு இவ்வளவு என்று பேசினால் ஆப்பரேட்டர் அவசரப்படுவார். கண்ணுக்குத் தெரியாத பாறையும் தூரும் யார் கணக்கு என்ற தகராறும் வரும். மணி வாடகை நிலைத்திருப்பதற்கு அதன் எளிமை ஒரு நியாயமான காரணம்.

தீராமல் நிற்பவை

யாருடைய எந்திரம் என்ற பழைய கேள்விக்கு ஓரளவு விடை கிடைத்துவிட்டது என்றே தோன்றுகிறது. டயர் வண்டி வேலைக்குச் சந்தை போதும். சரிவு நிலத்துக்கான புல்டோசரும் தொகுப்பாகத் திருத்த வேண்டிய தரிசும் அரசு இல்லாமல் நடக்காது. கூட்டுடைமை இந்த எந்திரத்துக்கு இன்னும் தன்னை நிரூபிக்கவில்லை.

பருவ நெருக்கடி அப்படித் தீரவில்லை. இ-வாடகை பதிவை எளிதாக்கியது. ஆடிக்குள் வண்டி வேண்டும் என்பவர்களின் எண்ணிக்கையைக் குறைக்க அதனால் முடியாது. காத்திருப்பின் காலத்தைத் துறை கட்டணத்தைப்போல வெளிப்படையாக அறிவித்தால், உழவர் அரசு வண்டியையும் தனியார் வண்டியையும் நேர்மையாக ஒப்பிட முடியும். பட்டா நிலத்துக்குள் மண்ணைப் புரட்டுவதற்கும் அதை வெளியே ஏற்றுவதற்கும் இடையிலான கோடும் நடைமுறையில் மங்கலாகவே இருக்கிறது. சமன்செய்கிறோம் என்ற பெயரில் சவுடு வெளியேறும் புகார்கள் தென்மாவட்டங்களில் நீதிமன்றம் வரை போயிருக்கின்றன. அந்தக் கோட்டைக் கடுமையாக்கினால் நேர்மையான உழவரும் அனுமதிக்கு அலைவார்.

எல்லாவற்றிலும் கடினமானது அடிவார நிலம். இரு பக்கமும் உரிமை பேசப்படுகிறது. ஆனால் திருத்திய சரிவில் பத்து ஆண்டுக்குப் பின் எவ்வளவு மேல்மண் நிற்கிறது, ஓடைகள் எவ்வளவு வண்டலைக் கண்மாய்களுக்குச் சுமந்து வருகின்றன என்ற அளவீடு அந்தப் பேச்சில் இடம்பெறுவதில்லை. மேலே மா நடுவதற்காக எந்திரம் கிளறிய மண், கீழே கண்மாயில் படிந்து, கரம்பையாக மறுபடி எந்திரத்தால் அள்ளப்படுகிறதென்றால், இரண்டு வாடகைகளும் ஒரே மண்ணுக்காகக் கொடுக்கப்படுகின்றன. அப்படி நடக்கிறதா, எந்த அளவில் நடக்கிறது என்பதை அய்யனார் ஆற்றுப் படுகை போன்ற ஒரே ஒரு சிறு நீர்ப்பிடிப்பில் சில பருவங்கள் அளந்தாலே தெரிந்துவிடும்.